வழக்கில் இல்லாதவரும் வழக்கின் ஏடுகளும்



விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே மல்லாங்கிணறு என்றொரு பேரூர் உண்டு. அங்கும், அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வானம் பார்த்த நிலமே மிகுதி. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காப்பது ஆலை வேலைதான். விடியுமுன் வேன் வந்து நிற்கும். தூக்குச் சட்டியுடன் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். வேன் பட்டாசு ஆலையை நோக்கிப் புறப்படும். மாலையில் அவர்கள் திரும்பி வரும் வரையில் வீட்டில் இருப்போர் மனத்தின் ஒரு மூலையில் அச்சம் இருந்துகொண்டே இருக்கும். இதை அப்பகுதியில் பிறந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்வூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் ஒரு நாள் மாலை என்னிடம் வந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறோர் ஆலையில் விபத்து நிகழ்ந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டிருந்தது. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது இதுதான்: "வக்கீல் ஐயா, அந்த ஆலை எப்படி வெடிச்சதுன்னு பெரிய ஆளுக எழுதிக் கோர்ட்டுல குடுத்திருக்காகளாமே. எங்க மருமகளும் அதே மணி மருந்தைத்தான் தொடுறா. அந்தக் காகிதத்தை எங்களுக்குக் காட்ட மாட்டாகளா?"

கேள்வி எளியது. விடையோ அவ்வளவு எளியதன்று. அந்த வழக்கில் அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர், சாட்சியும் அல்லர். அவர் குடும்பத்தில் எவரும் அவ்விபத்தில் காயமுற்றவரும் அல்லர். சட்டத்தின் மொழியில் அவர் வெளியார், மூன்றாம் தரப்பினர். வழக்கில் இல்லாத ஒருவர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, வழக்கின் ஏடுகளைப் பார்க்கலாமா? அவற்றுள் சிலவற்றை யாரேனும் இரகசியம் என்று சொன்னால் அப்போது என்ன? இன்று இவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவும், குற்ற வழக்குகளுக்கு இன்றுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன: விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் உள்ள மட்டும் பொதுமக்கள் வந்திருக்கலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அந்த அம்மையார் விரும்பினால் நாளைக் காலையில் பேருந்து ஏறிச் சென்று அங்கே கடைசி பெஞ்சில் அமர்ந்து விசாரணையைக் கேட்கலாம். அதற்குக் காரணம் எதுவும் கூற வேண்டியதில்லை.

ஆனால் கடைசி பெஞ்சில் அமர்ந்தவருக்கு இன்று என்ன கேட்கும்? முற்காலத்தில் சாட்சி கூண்டில் ஏறி முதலிலிருந்து முடிவு வரை வாயால் சொல்வார். வழக்கறிஞர் ஆவணத்தை உரக்கப் படிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் வழக்கு இன்னதென்று புரிந்துகொள்வார். 2002ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்தது. அதன்பின் உரிமையியல் வழக்குகளில் சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாக எழுத்தில் தாக்கலாகிறது. வல்லுநர் அறிக்கைகளையும் நீதிபதி தம் அறையில் படித்துவிட்டு வருகிறார். மன்றத்தில் கேட்பதெல்லாம், "14ஆம் பத்தியைப் பாருங்கள்", "பார்த்தேன்", "இணைப்பு 7" என்பன போன்ற சொற்களே. காலம் மிச்சமாவது உண்மை. அதை நான் குறை கூறவில்லை. ஆயின் ஏட்டைப் பார்க்க முடியாதவருக்குத் திறந்த கதவால் பயன் குறைந்துவிட்டது என்பதும் உண்மையே.

கதவைத் திறந்து வைப்பது பற்றிய பழைய வழக்குகளில் இரண்டைச் சொல்லுவேன். ஒன்று 1913இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்காட் வழக்கு. திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரிய அவ்வழக்கு மூடிய அறையில் விசாரிக்கப்பட்டது. பின்பு அம்மனைவி, தம் பெயருக்கு வந்த களங்கத்தைத் துடைக்க, சுருக்கெழுத்துக் குறிப்பின் படிகளைக் கணவனின் உறவினருக்கு அனுப்பினார். அது நீதிமன்ற அவமதிப்பு என்று கீழே தீர்ப்பாயிற்று. பிரபுக்கள் சபை அதைத் தள்ளி, கூச்சமோ சங்கடமோ மட்டும் விசாரணையை மூடுவதற்குக் காரணமாகாது என்று நிலைநாட்டியது.

மற்றொன்று நம் நாட்டு வழக்கு. பம்பாயில் பிளிட்ஸ் வார இதழின் மேல் ஓர் அவதூறு வழக்கு நடந்தது. சாட்சி ஒருவர், தம் சாட்சியம் பத்திரிகைகளில் வெளிவந்தால் தம் வாணிபம் கெடும் என்று வேண்டினார். நீதிபதி தார்க்குண்டே 1964இல் அச்சாட்சியத்தை வெளியிடக்கூடாதென்று வாய்மொழியாக உத்தரவிட்டார். மிராஜ்கர் முதலிய பத்திரிகையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். அவர்கள் வழக்கில் கட்சிக்காரர்கள் அல்லர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 9 நீதிபதிகள் அமர்ந்து 1966 மார்ச்சில் தீர்ப்புரைத்தனர். திறந்த விசாரணையே விதி. நீதியின் பொருட்டு இன்றியமையாதபோது மட்டும் அதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்றனர் பெரும்பான்மையினர். உத்தரவு நின்றது. நீதிபதி ஹிதாயத்துல்லா ஒருவரே மாறுபட்டார். சாட்சியின் வாணிப நலன் ஒரு காரணமா என்ற அவருடைய மனப்பாங்கே எனக்கு உகந்தது. அவ்வுத்தரவை இட்ட தார்க்குண்டே பிற்காலத்தில் குடியுரிமைக் காவலராகப் பெயர் பெற்றார் என்பது வேறு கதை.

இனி, ஏடுகளுக்கு வருவோம். வழக்கின் கட்சிக்காரர் நகல் மனுப் போட்டு, உரிய கட்டணம் கட்டினால் நகல் பெறலாம். வெளியாருக்கு அப்படியன்று. உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் கட்டளை இதைத் தெளிவாகச் சொல்கிறது: கட்சிக்காரர் அல்லாத ஒருவர், தக்க காரணம் காட்டினால், மனுக்களையும் ஆவணங்களையும் பார்வையிடவும் நகல் பெறவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். "தக்க காரணம்", "அனுமதிக்கலாம்" என்னும் இவ்விரு சொற்களே இப்பொருள் முழுவதற்கும் அச்சாணி. கேட்க வழி உண்டு. கேட்டவுடன் கிடைக்கும் என்னும் உரிமை இல்லை. குற்ற வழக்கில் தீர்ப்பாலோ உத்தரவாலோ பாதிக்கப்பட்டவர் எவரும் நகல் பெறலாம். பாதிக்கப்படாதவருக்கு உயர் நீதிமன்றம் வகுக்கும் விதிகளின்படி அளிக்கலாம் என்பது இப்போதைய சட்டத்தின் 404ஆம் பிரிவு. விபத்தில் கணவனை இழந்த மனைவி இந்த முதல் வகையைச் சேர்ந்தவர். அவர் வழக்கறிஞர் வைத்துக்கொண்டால் காவல் துறையின் இறுதி அறிக்கை முதலியவற்றின் படி அவருக்கும் தரப்பட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 230ஆம் பிரிவு. என்னிடம் வந்த அம்மையார் இவ்விரண்டிலும் சேராதவர்.

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதன்படி கேட்கலாமே?" என்று சிலர் நினைக்கலாம். 2005ஆம் ஆண்டு வந்த அச்சட்டத்தின்படி கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்ற விதிகளோ காரணத்தைக் கேட்கின்றன. இரண்டும் மோதினால் எது நிற்கும்? குஜராத்தில் ஒருவர் 2010இல் இதை முயன்றார். தாம் கட்சிக்காரராக இல்லாத வழக்கின் ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். உயர் நீதிமன்றம், "எங்கள் விதிப்படி பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்க" என்றது. வழக்கு வளர்ந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2020 மார்ச்சில் நீதிபதிகள் பானுமதி, போபண்ணா, ரிஷிகேஷ் ராய் ஆகியோர், நீதிமன்ற விதிகளே நிற்கும் என்று தீர்ப்பளித்தனர். விதிகள் தகவலை மறுக்கவில்லை. பெறும் வழியை மட்டுமே வகுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. கட்சிக்காரர்கள் தாக்கல் செய்த தகவல்களை நீதிமன்றம் அவர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. அங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். ஒரு வீட்டு மனைத் தகராறில் அது முற்றும் பொருந்தும். ஊரையே பாதிக்கும் வழக்கில், அந்தப் பொறுப்பு கட்சிக்காரருக்கு மட்டுந்தானா?

ஊரைப் பாதிக்கும் வழக்கு எது என்று தேடி நாம் வெகு தூரம் செல்ல வேண்டாம். சிவகாசிக்காரர்கள் "டெல்லி கேஸ்" என்று சொல்லும் அர்ஜுன் கோபால் வழக்கே போதும். 2015ஆம் ஆண்டில் டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால், அவர்கள் தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். குழந்தைகளின் வயது 6 மாதமும் 14 மாதமும். பட்டாசுப் புகையால் தங்கள் நுரையீரல் கெடுகிறது என்பது அவர்கள் முறையீடு. 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், விற்கலாம் என்றாயிற்று. தமிழ்நாடு பட்டாசு, கேப் வெடி உற்பத்தியாளர் சங்கத்தாரும் உள்ளே வந்து வாதாடினர். டெல்லிக் குழந்தைகள் கட்சிக்காரர்; ஆலை முதலாளிகள் கட்சிக்காரர். விடியலில் வேன் ஏறும் பெண் கட்சிக்காரர் அல்லர். ஆனால் அவ்வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய வாரக் கூலி கட்டுப்பட்டிருந்தது.

தடை மீறப்படுகிறது என்று புகார் எழுந்தது. மேலே சொன்ன குஜராத் தீர்ப்பு வந்த அதே 2020 மார்ச் மாதத்தில், மத்தியப் புலனாய்வுத் துறையின் சென்னை இணை இயக்குநர் விசாரித்து அறிக்கை தருமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. அறிக்கை வந்தது. 2021 செப்டம்பர் 29ஆம் நாள் நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் போபண்ணாவும் அதைக் கண்டு நிலைமை கடுமையானது என்றனர். சம்பந்தப்பட்ட ஆலையினருக்கு அறிக்கையின் படியைக் கொடுத்து, அவர்கள் மறுமொழி கூற மேலும் ஒரு வாய்ப்பு அளித்தனர். அது நியாயமே. ஒருவன் மேல் குற்றம் சாட்டும் ஏட்டை அவனுக்கே காட்டாமல் தீர்ப்பது நீதியாகாது. ஆனால் அந்த ஏட்டில் இருந்தது என்ன? எந்த மருந்து வாங்கப்பட்டது, எதில் கலக்கப்பட்டது, ஆய்வுக் கூடத்தில் என்ன தெரிந்தது என்பன. அம்மருந்தைக் கையால் தொட்டவர்கள் யார்? அவர்களுக்கு அந்த அறிக்கையின் படி வழக்கம்போல் வந்து சேராது. 13ஆம் கட்டளையின்படி தக்க காரணம் காட்டி அவர்கள் கேட்டிருக்கலாம். இப்படி ஒரு கட்டளை இருப்பதை மல்லாங்கிணற்றில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆலையினர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பசுமைப் பட்டாசுக்கான கலவையை மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகமும் அதன் கீழுள்ள நாகபுரி நீரி நிறுவனமும் உருவாக்கின. ஸ்வாஸ், சஃபல், ஸ்டார் என்று அவ்வகைகளுக்குப் பெயர். நுண்துகள் வெளியீடு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைய வேண்டும் என்பது அவற்றின் அளவுகோல். அக்கலவையைப் பெறும் ஆலையார் ஒவ்வொருவரும் இரகசியம் காப்பதாக உடன்படிக்கை எழுதிக் கொடுக்கிறார்கள். எந்தப் பொருள் எத்தனை பங்கு, எந்த வரிசையில் சேர்ப்பது என்பது தொழிலின் உயிர். அதை வழக்கில் தாக்கல் செய்த ஒரே காரணத்தால் போட்டியாளர் எவரும் நகல் மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த முறை எவரும் உண்மையான கலவையை நீதிமன்றத்தில் வைக்க மாட்டார். காப்புரிமை வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கென ஒரு முறை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட சில வழக்கறிஞரும் வல்லுநரும் மட்டும் ஏட்டைப் பார்க்கலாம். வெளியே சொல்லலாகாது என்று உறுதி அளிக்க வேண்டும்.

ஆனால் கலவையின் பங்கு வேறு. கலவையின் ஆபத்து வேறு. இன்ன பொருளும் இன்ன பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் சூடேறும், இத்தனை கிலோவுக்கு மேல் ஓர் அறையில் வைத்தால் தீ பரவும் என்பது எவருடைய வாணிப இரகசியமும் அன்று. போபால் விபத்துக்குப் பின் 1987இல், அன்றிருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழிலை நடத்துவோர் அதன் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும், அரசு அதிகாரிகளுக்கும், சுற்று வட்டாரத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அவ்விதி. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கருத்து இடம்பெற்றிருக்கிறது. ஆலை வாயிலில் சொல்ல வேண்டிய ஒன்று, வழக்கின் கட்டுக்குள் சென்றுவிட்டதாலேயே இரகசியமாகிவிடுமா? இக்கேள்விக்கு மிக அண்மையில் நிற்கும் வழக்கு ஒன்று இலண்டனில் நடந்தது. அதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் படிந்து, பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். கேப் என்ற கம்பெனி கல்நார்ப் பலகைகள் செய்தது. அப்பலகைகளை அறுத்துப் பொருத்திய தொழிலாளர் நோயுற்றபோது அவர்களுடைய முதலாளிகள் இழப்பீடு கொடுத்தனர். அம்முதலாளிகளின் காப்பீட்டு நிறுவனங்கள், "ஆபத்தை முன்பே அறிந்திருந்தும் நீ எச்சரிக்கவில்லை" என்று கேப்பின் மேல் வழக்குத் தொடுத்தன. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறு வாரம் விசாரணை நடந்தது. தாக்கலான ஏடுகள் 5,000 பக்கங்களுக்கு மேல். கம்பெனி என்ன அறிந்திருந்தது, எப்போது அறிந்தது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. தீர்ப்பு வருமுன் இரு தரப்பினரும் சமாதானமாகிவிட்டனர். தீர்ப்பு இல்லை, ஆகவே ஏடுகளில் இருந்தவை எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படப் போவதில்லை.

அப்போது, கல்நார் நோயாளிகளுக்கு உதவும் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று விரைந்து நீதிமன்றம் சென்றது. "நாங்கள் இவ்வழக்கில் இல்லை. ஆனால் இதே நோயால் வருந்துவோர் இன்னும் பலர். அவர்கள் வழக்குக்கு இவ்வேடுகள் வேண்டும்" என்றது. கம்பெனி எதிர்த்தது. வழக்கு மூன்று படிகள் ஏறி, 2019 ஜூலை 29ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. தீர்ப்பை உரைத்தவர் ஹேல் சீமாட்டி. எழுத்து விதி என்ன சொன்னாலும், ஏடுகளை வெளியாருக்குக் காட்டும் இயல்பான அதிகாரம் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் உண்டு என்றார். நீதிபதிகள் சரியாக வேலை செய்கிறார்களா என்று மக்கள் பார்ப்பதற்கும், வழக்கு எப்படி நடந்தது, ஏன் இப்படி முடிந்தது என்று புரிந்துகொள்வதற்கும் அது தேவை. அதே மூச்சில், கேட்பவர் ஏன் கேட்கிறார் என்பதையும், அதனால் திறந்த நீதிக்கு என்ன பயன் என்பதையும் விளக்க வேண்டும் என்றார். தேசப் பாதுகாப்பு, குழந்தைகள் நலன், தனி வாழ்வு, தொழில் இரகசியம் ஆகியவை ஒரு தட்டில். இப்பயன் மற்றொரு தட்டில். தூக்கிப் பார்ப்பவர் நீதிபதி. நீதிமன்றத்துக்கு ஆகும் சிரமத்தையும் செலவையும் பார்க்க வேண்டும். ஆகவே காலம் கடத்தாமல் கேட்க வேண்டும். அக்கூட்டமைப்புக்குக் கேட்டவை எல்லாம் கிடைத்துவிடவில்லை. சாட்சியங்கள், வல்லுநர் அறிக்கைகள், எழுத்து வாதங்கள் போன்றவற்றைப் பெற வழி ஏற்பட்டது. எஞ்சியவற்றை மீண்டும் கீழ் மன்றமே ஆராயுமாறு அனுப்பப்பட்டது. இத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், "தக்க காரணம்" என்ற நம் விதியின் சொல்லுக்குப் பொருள் தேடுவோர் இதைப் படிக்கலாம்.

நம் மாவட்டத்தில் வேறொரு முறையில் ஏடு வெளிவந்த நிகழ்ச்சியும் உண்டு. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளம் ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எவரும் மனுப் போடுமுன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இத்தகைய குழு அறிக்கைகளை அத்தீர்ப்பாயம் தன் இணையதளத்தில் இடுவது வழக்கம். அங்கே வெளியாரும் நகல் மனுவின்றியே படிக்கலாம். தீர்ப்பாயத்தால் இயல்வது மற்ற மன்றங்களால் ஏன் இயலாது என்று கேட்கத் தோன்றுகிறது.

இயலாத இடங்களும் உண்டு. சிறுவர் மேல் நிகழ்ந்த பாலியல் குற்றம், வல்லுறவு வழக்கு, கணவன் மனைவி வழக்கு ஆகியவற்றில் சட்டமே கதவைச் சாத்துகிறது. பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளியே வரலாகாது என்கிறது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் இட வேண்டும் என்று 2016இல் கட்டளையிட்டபோதும், இவ்வகை வழக்குகளை உச்ச நீதிமன்றம் விலக்கி வைத்தது. குற்றப் பத்திரிகையையும் அவ்வாறே எல்லாரும் காண இணையத்தில் இட வேண்டும் என்ற கோரிக்கையை 2023 ஜனவரியில் அது ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மானம் உண்டல்லவா?

இன்னொரு வகை இரகசியம் இருக்கிறது. அது இவை எல்லாவற்றிலும் விந்தையானது. மூடி முத்திரையிட்ட உறையில் அரசு ஓர் ஏட்டை நீதிபதியிடம் நேரே கொடுக்கும். எதிர்க்கட்சிக்காரருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெளியாரின் பேச்சு எங்கே? மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சிக்கு உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டபோது, காரணம் உறைக்குள் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் உறையைப் பிரித்துப் பார்த்து, மறுத்தது சரி என்றது. 2023 ஏப்ரல் 5ஆம் நாள் தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி ஹிமா கோலியும் அதை ரத்துச் செய்தனர். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் உறை நியாயமாகிவிடாது. எதனால் மறைக்க வேண்டும் என்று அரசு விளக்க வேண்டும். மறைக்க வேண்டிய வரிகளை அடித்துவிட்டு மற்றவற்றைக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றனர். ஏடு முழுவதையும் பூட்டுவதற்குப் பதிலாக வரியை மட்டும் மறைப்பது என்னும் இம்முறை கட்சிக்காரரைப் பற்றிச் சொல்லப்பட்டதாயினும், வெளியார் மனுவுக்கும் அதுவே தக்க வழி என்பது என் எண்ணம்.

இனி, கேட்கும் முறை. தீர்ப்பும் இடைக்கால உத்தரவுகளும் இன்று மின்னணு நீதிமன்றங்களின் இணையதளத்தில் வந்துவிடுகின்றன. வழக்கு எண் தெரிந்தால் போதும். ஊரிலுள்ள கணினி மையத்தில் எடுத்துத் தருவார்கள். பல சமயம் அவ்வுத்தரவிலேயே வல்லுநர் சொன்னதன் சாரம் இருக்கும். 2021ஆம் ஆண்டுப் பட்டாசு உத்தரவிலும் புலனாய்வு அறிக்கையின் முடிவுகள் சில எடுத்துச் சொல்லப்பட்டுள்ளன. ஆகவே முதலில் அதைப் படிக்க வேண்டும். அது போதவில்லையெனில் நகல் மனு. வெளியார் மனுவுடன் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். அந்தப் பத்திரத்தில் எழுதப்படுவதுதான் எல்லாம்.

இதை நான் அறிந்தது என் பிழையினால். அந்த அம்மையாருக்காக நான் முதலில் போட்ட மனுவில் காரணம் என்ற இடத்தில், வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் பழக்கத்தால் எழுதும் இரண்டு சொற்களை எழுதினேன்: "சொந்த உபயோகத்திற்கு." வழக்குக் கட்டு முழுவதன் நகலையும் கேட்டிருந்தேன். மனு திரும்பி வந்தது. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெளியார் ஒருவர் காரணம் சொல்லாமல் கட்டு முழுவதையும் கேட்டால் எந்த நீதிபதி கொடுப்பார்?

இரண்டாம் முறை அவரையே உட்கார வைத்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். மருமகள் எத்தகைய ஆலையில் எந்த அறையில் வேலை செய்கிறாள். அங்கே தொடும் மருந்து, விபத்து நிகழ்ந்த அறையில் இருந்த மருந்தின் வகையே என்று ஏன் நம்புகிறார். வழக்கு முடிய ஆண்டுகள் செல்லலாம், அதுவரை காத்திருக்க முடியாதது ஏன் என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. கேட்டது கட்டு முழுவதையும் அன்று. தடய அறிவியல் வல்லுநரின் அறிக்கையை மட்டும். மாண்டவர், காயமுற்றவர் பெயர்களும், கலவையின் பங்கு விவரமும் எங்களுக்கு வேண்டுவதில்லை. அவற்றை மறைத்தே கொடுக்கலாம் என்றும் எழுதினோம். ஆலைத் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். விசாரணை நடக்கும்போது அறிக்கை வெளியே போனால் சாட்சிகள் கலைவார்கள் என்றார். அது வெறும் சாக்கு அன்று. எண்ணிப் பார்க்க வேண்டிய ஆட்சேபமே. வல்லுநரின் சாட்சியம் பதிவாகி முடிந்தபின் கொடுக்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். அதற்கு மேலும் நான்கு மாதம் ஆயிற்று.

கிடைத்த நகல் 11 பக்கம். சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் இருந்ததால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நானே தமிழில் சொன்னேன். மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரும் கேட்டனர். மணி மருந்து முழுவதும் உலருமுன் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது, அந்த அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தனர் என்ற இடம் வந்தபோது மருமகள் என்னை நிறுத்தினாள். "ஐயா, அதை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். வாசித்தேன். அவள் எழுந்து உள்ளே சென்று ஒரு பழைய நோட்டைக் கொண்டு வந்து, நான் சொல்லச் சொல்ல அந்த இரண்டு வரிகளையும் எழுதிக்கொண்டாள். மறுநாள் வேனில் உடன் வரும் பெண்களுக்குப் படித்துக் காட்டுவதற்கு என்றாள்.